குப்பையைத் தேடாத கேமரா

ஜப்பானின் போசோ தீபகற்பத்திலிருந்து கடலுக்குள் சுமார் 500 கிலோமீட்டர் போனால் தரை 5,700 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. 2019-இல் ஷின்காய் 6500 என்ற ஆளேறும் நீர்மூழ்கி அங்கே இறங்கியது. விளக்கைப் போட்டுக்கொண்டு சேற்றுத் தரைக்குச் சற்று மேலே மெதுவாக நகர்ந்தபடி வீடியோ எடுத்தது. அந்தப் பயணங்களில் கண்ணில் பட்டவற்றுள் ஒன்று, கோழி ஹாம்பர்க் அடைத்து விற்ற ஓர் உறை. அதன் மேல் அச்சிட்டிருந்த உற்பத்தி ஆண்டைக்கூடப் படிக்க முடிந்தது: ஷோவா 59. நம் கணக்கில் 1984. யாரோ பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போட்ட கவர் முப்பத்தைந்து வருடம் கழித்தும் நேற்று போட்டதுபோலக் கிடந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிளாஸ்டிக்கை நொறுங்க வைப்பவை வெயிலின் புற ஊதாக் கதிர், வெப்பம், அலையின் அடி ஆகிய மூன்றும்தான். மெரினா மணலில் கிடக்கும் கேரி பேக் சில மாதங்களில் கையில் எடுத்தாலே உதிரும். ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில் வெயில் இல்லை, வெப்பம் இரண்டு டிகிரியைத் தாண்டுவதில்லை, அலை எட்டுவதில்லை. போட்டது போட்டபடி இருக்கும்.

அந்தத் தரையில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 4,561 பிளாஸ்டிக் பொருள்கள் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். எப்படி எண்ணினார்கள்? யாரோ ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்து, வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, குறித்துக்கொண்டார். இந்த அத்தியாயம் அந்த ஆளின் நாற்காலியில் கணினியை உட்கார வைக்கும் முயற்சியைப் பற்றியது. அது பாதி வெற்றி பெற்றிருக்கிறது. மீதிப் பாதி ஏன் நழுவுகிறது என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

எங்கே போயிற்று?

2010 என்ற ஒரே ஆண்டில் 192 கடலோர நாடுகளிலிருந்து 48 லட்சம் டன் முதல் 1.27 கோடி டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குள் போயிருக்கும் என்று ஜென்னா ஜாம்பெக் குழுவினர் 2015-இல் மதிப்பிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மார்கஸ் எரிக்சன் குழுவினர் உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதக்கும் பிளாஸ்டிக் மொத்தமும் சேர்த்துச் சுமார் 2.69 லட்சம் டன்தான் என்று சொல்லியிருந்தார்கள். வருட வரவு குறைந்தது ஏறக்குறைய அரைக் கோடி டன், கையிருப்போ மூன்று லட்சம்கூட இல்லை. இந்த இடைவெளிக்குக் ‘காணாமல் போன பிளாஸ்டிக்’ என்று பெயரே விழுந்துவிட்டது. 2023-இல் வந்த ஒரு கணக்கு வரவைப் பெரிதும் குறைத்து, மிதப்பதைக் கூட்டி, இடைவெளியைச் சுருக்கியது. ஆனாலும் கடலடியில் கிடப்பது கொஞ்சமில்லை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் டொராண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு 30 லட்சம் டன் முதல் 1.1 கோடி டன் வரை. அதில் ஏறத்தாழ பாதி, 200 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எது மூழ்கும், எது மிதக்கும் என்பது அடர்த்தியைப் பொறுத்தது. கடல்நீரின் அடர்த்தி 1.025. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38, நைலான் வலை 1.14. இரண்டும் மூழ்கும். பாட்டிலை மூடியோடு கடலில் எறிந்தால் உள்ளே அடைபட்ட காற்றால் மிதக்கும். மூடி கழன்றால் பாட்டில் அடிக்குப் போகும், மூடி மேலேயே நிற்கும். மூடி வேறு பிளாஸ்டிக். அது தண்ணீரைவிட லேசானது. கடற்கரையில் பாட்டில் மூடிகளாகப் பொறுக்குகிறோமே, அவற்றின் பாட்டில்கள் எங்கே என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். கேரி பேக் செய்யும் பாலிஎத்திலீன் 0.92 முதல் 0.96 வரை. கணக்குப்படி அது என்றைக்கும் மூழ்கக் கூடாது. ஆனால் நாளாக ஆகப் பாசியும் நுண்ணுயிரும் கொட்டலசும் ஏறி அதைக் கனக்க வைத்து இறக்கிவிடுகின்றன.

இறங்கியபின் அதை மேலிருந்து பார்க்க வழியில்லை. செயற்கைக்கோள் காண்பது கடலின் தோலை மட்டும். சில பத்து மீட்டருக்குக் கீழே எதையும் பார்க்க வேண்டுமென்றால் யாராவது கேமராவை எடுத்துக்கொண்டு இறங்கியாக வேண்டும்.

பூகம்பம் தேடியவர்கள் எடுத்த படம்

கேமரா இறங்காமல் இல்லை. நாற்பது வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறது, குப்பையைத் தேடி அல்ல. ஜாம்ஸ்டெக் என்ற ஜப்பானியக் கடல் ஆய்வு நிறுவனத்தின் நீர்மூழ்கிகள் பூகம்பப் பிளவுகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் ஆழ்கடல் உயிர்களையும் தேடிப் போயின. 1983 முதல் அவை எடுத்த படங்களின் ஓரத்தில் தற்செயலாகப் பைகளும் டின்களும் சிக்கியிருந்தன. அவற்றைப் பொறுக்கித் தொகுத்து 2017-இல் ‘ஆழ்கடல் குப்பைத் தரவுத்தளம்’ என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சனாயே சிபா குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொகுப்பை வைத்துத்தான். 5,010 முறை இறங்கியதில் 3,425 மனிதப் பொருள்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக், அதிலும் 89 விழுக்காடு ஒரு முறை உபயோகித்துத் தூக்கிப்போடுபவை. மரியானா அகழியில் 10,898 மீட்டரில் கிடந்த ஒரு பையும் இந்தத் தொகுப்பில் உண்டு. 1998-இல் காய்கோ என்ற ஆளில்லா நீர்மூழ்கி அதைப் படமெடுத்தது. அந்தக் காய்கோவே 2003-இல் புயல் நேரத்தில் கேபிள் அறுந்து பசிபிக்கில் தொலைந்துபோனது தனிக்கதை.

கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். மான்டெரே வளைகுடா ஆய்வு நிறுவனத்தார் தங்கள் 22 வருட வீடியோக்களில், 18,000 மணி நேரத்துக்கும் அதிகமானவற்றில், குப்பை குறித்த பதிவுகளைத் தோண்டி எடுத்து 2013-இல் வெளியிட்டார்கள். அங்கும் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக், அதில் பாதிக்கு மேல் பைகள். 18,000 மணி நேரம் என்பது ஒருவர் ராப்பகலாகத் தூங்காமல் பார்த்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல். அங்கே ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துக் குறிப்பெழுதவே சம்பளத்துக்கு ஆள்கள் இருந்ததால் அது நடந்தது. உலகில் எத்தனை ஆய்வகங்களுக்கு அந்த வசதி உண்டு?

எப்போதோ ஒருமுறை வருகிற பொருளுக்காகச் சாம்பல் நிறச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதக் கண் சோர்ந்துவிடும். கணினிக்குச் சோர்வு கிடையாது. ஆகவே அதற்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

பெட்டி போடுதல்

படம் என்பது கணினிக்கு எண்களின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். இந்தக் கட்டத்தின் மேல் சின்னச் சின்ன வடிகட்டிகளை, மூன்றுக்கு மூன்று புள்ளி அளவில், வரிவரியாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டினால் சில இடங்களில் பெரிய விடை வரும்: இங்கே ஓர் ஓரம் இருக்கிறது, இங்கே வெளிச்சம் திடீரென்று மாறுகிறது. அந்த விடைகளின் மேல் இன்னொரு அடுக்கு வடிகட்டி. அது ஓரங்களைச் சேர்த்து வளைவு என்கிறது, அடுத்த அடுக்கு வளைவுகளைச் சேர்த்து மடிப்பு என்கிறது. இப்படி அடுக்கடுக்காகப் போகும், நரம்பு வலை என்று அழைக்கப்படும் அமைப்பை 1980-இல் ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா கட்டிக் காட்டினார். வடிகட்டிகளில் என்னென்ன எண்கள் இருக்க வேண்டும் என்பதை இன்று யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. விடை தெரிந்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, தவறும்போதெல்லாம் எண்களைத் துளித்துளியாகத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

விடை தெரிந்த படம் என்றால், மனிதர் ஒருவர் முன்கூட்டியே பெட்டி போட்டு வைத்த படம். இது பை, இது நண்டு, இது கயிறு.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜுனைத் சத்தாரின் ரோபோ ஆய்வகம் அந்த ஜப்பானியப் படங்களை எடுத்துக்கொண்டது. மைக்கேல் ஃபுல்டன், ஜங்சியோக் ஹாங் முதலியோர் 5,720 படங்களில் பெட்டி போட்டு, நான்கு வெவ்வேறு கண்டறியும் முறைகளுக்குப் பயிற்சி கொடுத்து, 2019 மே மாதம் மான்ட்ரியாலில் நடந்த ரோபோ மாநாட்டில் முடிவுகளை வைத்தார்கள்.

அவர்கள் வகுத்த வகைகள் மூன்றே மூன்று. ஒன்று பிளாஸ்டிக். இரண்டாவது உயிர்: மீன், செடி, கடல் வெள்ளரி எல்லாம். மூன்றாவதுதான் யோசித்துச் செய்தது: வேண்டுமென்றே கடலில் வைக்கப்பட்ட மனிதப் பொருள். நீர்மூழ்கியின் சொந்தக் கைகள், மாதிரி எடுக்கும் குழாய்கள், தரையில் நட்டுவைத்த கருவிகள் எல்லாம் இதில் அடங்கும். இந்த வகை இல்லாவிட்டால் ரோபோ தன் கையையே குப்பை என்று குறித்துக்கொள்ளும். படங்கள் நீர்மூழ்கியிலிருந்து எடுக்கப்பட்டவை ஆதலால் அதன் உலோகக் கை பல படங்களில் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

நான்கு முறைகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் என்பது இரண்டு கட்டமாக வேலை செய்யும். எங்கெங்கே ஏதோ இருக்கலாம் என்று முதலில் சந்தேகப் பெட்டிகளைப் போடும், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கும். யோலோ அப்படியல்ல. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வீச்சில் பதில் சொல்லிவிடும். ஜோசப் ரெட்மன் குழுவின் முதல் யோலோவில் ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது கட்டங்கள். அதன் சின்னத் தம்பி டைனி-யோலோ இன்னும் வேகம். மதிப்பெண் என்ன ஆயிற்று என்றால், ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் 81, டைனி-யோலோ 31.6. நூறு பையில் எண்பத்தொன்றைப் பிடித்தது என்று இதற்குப் பொருளில்லை. எத்தனையைப் பிடித்தது, பிடித்தவற்றில் எத்தனை பொய் என்ற இரண்டையும் கலந்து போடுகிற மதிப்பெண் அது.

வேகத்தில் வரிசை தலைகீழ். ரோபோவுக்குள் வைக்கத்தக்க சிறிய கணினியில் டைனி-யோலோ வினாடிக்கு இருபது படம் பார்த்தது, ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் ஆறைத் தொடவில்லை. கரையில் உட்கார்ந்து பழைய வீடியோவை அலசுபவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் ரோபோவுக்கு அப்படியல்ல. தண்ணீருக்குள் வைஃபை போகாது. யோசிப்பதை அங்கேயே யோசிக்க வேண்டும், அதுவும் பையைத் தாண்டிப் போவதற்குள்.

அடுத்த வருடம் அதே ஆய்வகம் ‘டிராஷ்கேன்’ என்ற பெரிய தொகுப்பை வெளியிட்டது. 7,212 படங்கள். இந்த முறை பெட்டி மட்டும் போதாதென்று ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் புள்ளி வைத்துச் சுற்றி வரைந்தார்கள். 21 பேர், ஏறத்தாழ 1,500 மணி நேரம். ஒரு படத்துக்குச் சராசரி பன்னிரண்டு நிமிடம். செயற்கை நுண்ணறிவு என்று நாம் வாய்நிறையச் சொல்லும்போது இந்த 21 பேரின் முதுகுவலி அதற்குள் இருப்பதை யாரும் நினைப்பதில்லை.

தண்ணீர் செய்யும் குளறுபடி

இதுவரை சொன்னது எந்தப் பொருளைக் கண்டறியவும் பொருந்தும். ரோட்டில் போகும் ஆட்டோவை எண்ணுவதற்கும் இதே முறைதான். கடலுக்குள் போனதும் கதை மாறுகிறது.

முதலில் நிறம். தூய நீர் 650 நானோமீட்டர் சிவப்பொளியை மீட்டருக்குச் சுமார் 29 விழுக்காடு விழுங்குகிறது. பத்து மீட்டர் போனால் நூற்றில் மூன்றுதான் மிச்சம். அதே பத்து மீட்டரில் நீல ஒளி தொண்ணூற்றுச் சொச்சம் தப்பிவிடும். சூரியன் எட்டாத ஆழத்தில் நீர்மூழ்கி தன் விளக்கைக் கொண்டுபோனாலும் இதிலிருந்து விடுதலை இல்லை. மூன்று மீட்டர் தள்ளிக் கிடக்கும் சிவப்புப் பைக்குப் போன ஒளி கேமராவுக்குத் திரும்பி வர ஆறு மீட்டர் நடக்க வேண்டும். சிவப்பில் 13 விழுக்காடு மட்டும் வந்து சேரும். அரை மீட்டரில் பார்த்தால் அதே பை நன்றாகச் சிவந்திருக்கும். ஒரே பைக்குத் தூரத்துக்கு ஒரு நிறம். நிறத்தை நம்பிக் கற்றுக்கொண்ட வடிகட்டி என்ன செய்யும்?

அடுத்தது மங்கல். தண்ணீரில் மிதக்கும் துகள்கள் விளக்கொளியைப் பொருளைத் தொடும் முன்பே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மார்கழிப் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும்: வெளிச்சம் கூடக்கூடப் பாதை மறையும். ஆழ்கடலில் மேலிருந்து செத்த நுண்ணுயிர்த் துணுக்குகள் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருப்பதால் தெளிந்த தண்ணீர் என்று சொல்லும் இடத்திலும் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். அவற்றையும் கணினி ஏதோ பொருள் என்று நினைக்கும்.

இதைச் சரிசெய்ய 2019-இல் தெர்யா அக்கைனாக், தாலி டிரைபிட்ஸ் இருவரும் ‘சீ-த்ரூ’ என்ற முறையைத் தந்தார்கள். காற்றில் பனிமூட்டத்தை நீக்கும் சமன்பாட்டையே அதுவரை தண்ணீருக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பொருளிலிருந்து வரும் ஒளி மங்குகிற வேகமும், இடையில் சிதறி வரும் ஒளி கூடுகிற வேகமும் தண்ணீரில் ஒன்றல்ல, இரண்டுக்கும் தனித்தனி எண்கள் வேண்டும் என்று இவர்கள் காட்டினார்கள். ஒரே இடத்தைப் பல கோணத்தில் எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கணித்து, அந்தத் தூரத்துக்கு ஏற்ப நீரைக் கழித்தால், பவளப்பாறை கரையில் எடுத்துவைத்துப் பார்த்ததுபோல நிறம் திரும்பிவிடுகிறது. படங்கள் பிரமிப்பாக இருக்கும். ஆனால் நீரைக் கழித்த படத்தில் கண்டறிதலும் தானாகவே கூடிவிடும் என்று எண்ண வேண்டாம். கழிக்கும்போது இருட்டுப் பகுதிகளின் இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது. மனிதக் கண்ணுக்கு அழகானதும் வடிகட்டிக்கு வசதியானதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் பொல்லாதது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நிறமற்ற பாலித்தீன் கவரை மேசைமேல் போட்டால் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? அதன் மடிப்புகள் பளபளப்பதால். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பாலிஎத்திலீனுடையது 1.51. இந்த வித்தியாசத்தால் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் நான்கு விழுக்காடு எதிரொளிக்கிறது. அதே கவரைக் கடலில் போடுங்கள். கடல்நீரின் எண் 1.34. வித்தியாசம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. எதிரொளிப்பு அந்த வித்தியாசத்தின் இருமடியைப் பொறுத்ததால் பத்தில் ஒன்றுக்கும் கீழே, 0.4 விழுக்காட்டுக்கும் குறைவாக விழுகிறது. பளபளப்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரில் கரைந்துபோகிறது. மீதி இருப்பது வெளிறிய ஒரு விளிம்புக்கோடு. ஆமைகள் பையைச் சொறிமீன் என்று விழுங்குவதாகச் சொல்கிறோம். சொறிமீனின் உடலும் பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் அதற்கும் விளிம்புதான் அடையாளம். ஆமையைக் குறை சொல்வதற்கில்லை, கணினியும் அதே இடத்தில்தான் வழுக்குகிறது.

இதற்கு இயற்பியலில் ஒரு பழைய கருவி உதவுகிறது. 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பா என்று சோதிக்க நிக்கோல் பட்டகம் வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். அந்தப் பட்டகம் ஒளியின் அதிர்வை ஒரே திசைக்குக் கட்டுப்படுத்தும். மேற்பரப்பில் பிரதிபலித்த வானத்தை அதைக்கொண்டு வெட்டிவிட்டபோதும் நீலம் போகவில்லை. திருச்சியில் பிறந்த அந்த மனிதர் சட்டைப் பையில் வைத்திருந்த அதே உத்தியை 2004-இல் யோவ் ஷெக்னரும் நிர் கார்பெலும் கடலுக்குள் கொண்டுபோனார்கள். துகள்களில் சிதறி வரும் ஒளி ஓரளவு ஒரே திசையில் அதிரும். வடிகட்டியைத் திருப்பித் திருப்பி இரண்டு படம் எடுத்துக் கழித்தால் மங்கலின் பெரும்பகுதி போய்விடும். இன்னொரு லாபமும் உண்டு. இழுத்துச் செய்த பிளாஸ்டிக்கை இப்படிப்பட்ட இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவில் வைத்தால் அதனுள் உறைந்த இழுவிசை வானவில் பட்டைகளாகத் தெரியும். நிறமில்லாத பொருளுக்கு இதைவிடப் பெரிய அடையாளம் எது?

கலங்கல் மிஞ்சிப்போனால் ஒளியையே விட்டுவிட வேண்டியதுதான். ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் வால்டெனெக்ரோ-டோரோ, ஒலியால் படம் பிடிக்கும் சோனார் கருவியின் முன் ஒரு தொட்டியில் பாட்டில், டின் போன்ற வீட்டுக் குப்பைகளைப் போட்டு, அதே வகை நரம்பு வலைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சோனாருக்குக் கலங்கல் ஒரு தடையல்ல. ஆனால் மெல்லிய கவர் ஒலிக்கு ஏறக்குறைய இல்லாத பொருள். பாட்டிலுக்குச் சரி, கேரி பேக்குக்குச் சரிவராது.

எண்ணுவது வேறு, எடுப்பது வேறு

நரம்பு வலை எதைப் பார்த்து வளர்ந்ததோ அதைத்தான் கடல் என்று நினைக்கும். ஜப்பானிய ஆழ்கடலின் கருநீலப் பின்னணி, வட்டமாக விழும் விளக்கொளி, வெறும் சேறு. இதில் பழகியது ஏழு மீட்டர் ஆழத்தில் வெயில் ஆடும் கடற்புல் படுகைக்கு வந்தால் தடுமாறும். சொந்தத் தொகுப்பிலேயே ஏமாற்றம் ஒளிந்திருக்கலாம். ஒரே வீடியோவின் அடுத்தடுத்த படங்களில் ஒன்று பயிற்சிக்கும் இன்னொன்று பரீட்சைக்கும் போய்விட்டால் அது பரீட்சையே அல்ல. பார்த்த பையையே மறுபடி பார்க்கிறது, மதிப்பெண் எகிறுகிறது. ஆகவே 95 விழுக்காடு, 98 விழுக்காடு என்று கொட்டை எழுத்தில் போடும் ஆய்வுகளைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது மதிப்பெண்ணை அல்ல, பரீட்சைக் கேள்வி எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதை.

படப் பஞ்சத்தைத் தீர்க்க மினசோட்டா குழு 2020-இல் இன்னொரு வழியையும் முயன்றது: இருக்கிற பைப் படங்களைக் காட்டி, இல்லாத பைகளின் படத்தைக் கணினியையே வரையச் சொல்வது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் வரைவதற்குக் கற்றுக்கொண்டதும் அதே கேமராவின் படத்திலிருந்து என்பதை மறந்துவிடக் கூடாது.

ஐரோப்பாவின் ‘சீகிளியர்’ திட்டம் இந்த விஷயத்தில் நிதானமாக யோசித்திருக்கிறது. 2020-இல் தொடங்கிய அது ஹாம்பர்க் துறைமுகத்திலும் குரோஷியாவின் துப்ரோவ்னிக் கரையிலும் சோதனை நடத்தியது. மேலே ஒரு டிரோன், நீர்மட்டத்தில் ஆளில்லாப் படகு, அடியில் தேடும் ரோபோ ஒன்று, பிடித்து எடுக்கும் ரோபோ ஒன்று. எடுப்பதற்குக் கிடுக்கிக் கையோடு உறிஞ்சியும் பொருத்தினார்கள். குப்பையை 80 விழுக்காடு சரியாக அடையாளம் காண்பதும், கண்டதில் 90 விழுக்காட்டை எடுப்பதும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்குகள். பின்னர் அவர்கள் வெளியிட்ட படத் தொகுப்பில் வகைகள் நாற்பது. ‘பிளாஸ்டிக்’ என்று ஒரே பெயர் வைத்தால் அடியில் கிடப்பது டீக்கடைக் கப்பா, மருந்துப் புட்டியா, மீன்பிடிக் கயிறா என்று தெரியாது. அது தெரியாமல் எந்தத் தொழிலுக்கு எந்தச் சட்டம் என்று பேச வழியில்லை. ஒருமுறை உபயோகிப்பவை 89 விழுக்காடு என்ற ஜப்பானியக் கணக்கைத் தந்தது மனிதக் கண்தான், மூன்று வகை மட்டும் படித்த கணினியால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எண்ணுகிற வேலையில் சில பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு இருபதைத் தவறவிடும் என்று முன்னமே அளந்து வைத்திருந்தால் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை சதுர மீட்டர் பார்த்தோம் என்பது தெரிந்தால் போதும். அதற்காகத்தான் ஆழ்கடல் கேமராக்களில் இரண்டு லேசர் புள்ளிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் தரைமேல் விழ வைக்கிறார்கள். படத்துக்குள்ளேயே அளவுகோல் வந்துவிடுகிறது. எடுக்கிற வேலையில் பிழைக்கு இடமில்லை. குப்பை என்று நினைத்துக் கடற்பஞ்சைப் பிடுங்கினால் அதைத் திருப்பி வைக்க முடியாது. போதாக்குறைக்கு, பல வருடம் கிடந்த பையில் கடற்சாமந்தி வேர்விட்டிருக்கும், பாட்டிலுக்குள் நண்டு குடியிருக்கும். அது குப்பையா வீடா என்ற கேள்விக்கு எந்த மதிப்பெண்ணும் பதில் சொல்லாது.

நம் பக்கத்து மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே முக்குளித்துக் கணக்கெடுத்தபோது பவளத்தில் சிக்கியிருந்த குப்பையில் முதலிடம் கைவிடப்பட்ட மீன்வலைக்குத்தான். வலை என்பது கணினிக்கு ஏறக்குறைய மிக மோசமான பொருள். நடுவில் ஒன்றுமில்லை, எல்லாம் ஓரம். நைலான் இழை மெலிது, பாதி ஒளி ஊடுருவும். சில மாதத்தில் பாசி படர்ந்து பாறையின் நிறமே அதற்கும் வந்துவிடும். காற்றுக் காலத்தில் தண்ணீர் கலங்கினால் இதுவும் தெரியாது. ஆழ்கடல் சேற்றில் தனியாகக் கிடந்த பையைப் பார்த்துப் பழகிய கணினிக்கு, கொம்புபோலக் கிளைத்த பவளத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றிய வலை எதைப் போலவும் தெரியாது.

அப்படியே கண்டுபிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யோலோ பெட்டி போடும். அந்தப் பெட்டிக்குள் வலையும் இருக்கும், உயிருள்ள பவளமும் இருக்கும். இங்கே ஒரு வலை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொல்ல அது போதும். முக்குளிப்பவர்களை நேராக அந்த இடத்துக்கு அனுப்பலாம், அதுவே பெரிய மிச்சம். வலையை எடுக்க அது போதாது. இழுத்தால் கிளை ஒடியும். எந்த இழை வலை, எந்த நுனி பவளம் என்று இழை இழையாக விளிம்பு வரைந்தால்தான் ரோபோவின் கத்தரி எங்கே வெட்டலாம் என்று தெரியும். அதற்கு முதலில் மன்னார் வளைகுடாவின் தண்ணீரிலேயே எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்து அந்த விளிம்பை வரைய வேண்டும். ஆழ்கடல் படம் ஒன்றை வரையவே சராசரி பன்னிரண்டு நிமிடம் என்றால் பாசி பிடித்த வலைக்கு எவ்வளவு ஆகும் என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இப்போதைக்கு வலையை அறுப்பது, கத்தியோடு இறங்கி ஒவ்வொரு கிளையாக விடுவிக்கும் மனிதர்கள்தான்.